பக்கத்து வீட்டுப் பெண்: முதலில் காகிதங்கள்

வணக்கம் சகோதரி. டெக்சாஸில் உங்கள் பக்கத்து வீட்டில் 9 பிள்ளைகள், எல்லாருக்கும் வீட்டிலேயே படிப்பு, கைக்குழந்தையும் சமையலும் 17 வயது மூத்த பெண்ணின் தலையில்; அவளுக்குக் கல்லூரி ஆசை, அப்பா விடவில்லை, அவரிடம் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகள் வீரன் கையிலுள்ள அம்புகள், அவற்றால் அம்பறாத்தூணியை (அம்புக்கூட்டை) நிரப்பியவன் பாக்கியவான் என்கிற பைபிளின் 127-ஆம் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டு, நிறையப் பிள்ளைகள் பெற்று வாழும் குடும்பங்கள் இவை. கல்யாணம் வரை மகள் தகப்பனின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் அவர்களில் பலருக்கு விசுவாசம்தான். நீங்கள் வாயைத் திறந்தால், அவள் உங்கள் வீட்டுப் பக்கம் வருவதே நின்றுவிடும்.

அவளிடம் பிறப்புச் சான்றிதழும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் (வேலைக்கும் அரசு உதவிக்கும் அமெரிக்காவில் கேட்கும் அடையாள எண்) இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். வீட்டுப் பிரசவத்தில் பிறந்து, பதிவே ஆகாத பிள்ளைகளும் உண்டு. அப்படிச் சிக்கிய ஒரு பெண்ணின் கதை வெளியே வந்த பிறகுதான் 2015-இல் டெக்சாஸ் சட்டத்தைத் திருத்தியது.

படிப்பை நிரூபிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அங்கே வீட்டுக் கல்விக்குப் பதிவும் கிடையாது, அரசுத் தேர்வும் கிடையாது (எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது). 18 ஆனதும் பெற்றோர் கையெழுத்து இல்லாமலே ஜிஇடி (பள்ளி இறுதிக்குச் சமமான தேர்வு) எழுதலாம். உதைப்பது பணம்தான்: 24 வயது வரை மத்திய அரசின் கல்வி உதவிக்குப் பொதுவாகப் பெற்றோரின் வருமான விவரம் வேண்டும். அதனால் முதலில் செலவு குறைந்த கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) போகட்டும். அங்குள்ள நிதியுதவி அலுவலகத்தில் நிலைமையை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அடி, உதை என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே புகார் செய்யுங்கள்.