மருமகள் கைதட்டினால் எனக்கு ஏன் எரிகிறது?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள், இப்போது டவுனில் மகனோடு இருக்கிறேன். வயது 58. மருமகள் நல்ல பிள்ளைதான். ஆனால் மீன் மலிவாகக் கிடைத்தாலும் கைதட்டுவாள், சீரியல் பார்த்துத் தேம்புவாள், பூனையைக் கண்டால் கீச்சுக்குரலில் கொஞ்சுவாள். அவள்மேல் தப்பில்லை என்று தெரிந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன்?

பதில்: அக்கா, தப்பில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்குப் பாதி வேலை மிச்சம்.

நீங்கள் வளர்ந்த லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளை, நினைத்துப் பாருங்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம், விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போக வேண்டிய அம்மா அப்பா, பிள்ளை சிரித்தாலும் அழுதாலும் "வாயை மூடு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்ற அதட்டல். பொம்பளைப் பிள்ளைக்குக் கூடவே ஒரு குட்டு. அப்படி எல்லாவற்றையும் விழுங்கியே வளர்ந்தவர் முன்னால் ஒருத்தி எதையும் விழுங்காமல், குட்டும் வாங்காமல் வளைய வந்தால் எரியத்தான் செய்யும். பொறாமை என்றால் கோபப்படுவீர்கள். சரி, அதற்குப் பக்கத்து வீடு.

என் அப்பாவும் இப்படித்தான், யாராவது பலமாகச் சிரித்தால் "என்ன கூத்து இது" என்பார். 2016 ரியோ ஒலிம்பிக் பேட்மிண்டன் இறுதியாட்டத்தில் நம் லீ சோங் வெய் சீனாவின் சென் லோங்கிடம் தோற்ற இரவு, ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் துணி மடித்து நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் வாயைத் திறக்காமல் முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தால் அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எமிலி பட்லரும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனதைக் கலக்கும் படம் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒருத்தி உணர்ச்சியை மறைத்துப் பேசியபோது, எதிரே இருந்தவளுக்கும் இரத்த அழுத்தம் ஏறியது.

இதற்காக நீங்களும் பூனையைக் கொஞ்ச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் கைதட்டும்போதெல்லாம் நாமும் பதிலுக்கு ஒரு முகம் காட்ட வேண்டியிருக்கிறதே, குழம்பு கொதிக்கும் நேரத்தில் அதுவும் ஒரு வேலைதான். அப்போது "இரும்மா, கை வேலையாக இருக்கு, அப்புறம் சொல்லு" என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் என்றால் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள், அவள் சுபாவத்தை இழுக்காதீர்கள். "என்ன ஆட்டம் போடுற" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம், அது உங்கள் அம்மா உங்களிடம் சொன்னது.