மூக்கால் பலூன் ஊதியும் காது அடைப்பு விலகவில்லையா?

கேள்வி: என் ஆறு வயது மகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி, மூக்கால் ஊதும் பலூன் கருவியை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் ஊதியும் பயனில்லை. செவித்துணைக் கருவி வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் அவள் ஊதுவதை எதிரில் உட்கார்ந்து பாருங்கள். கன்னம் உப்புகிறதென்றால் அவள் மூக்கால் ஊதவில்லை. காற்று வாயிலேயே தங்கிவிடுகிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் திறந்து, காற்று உள்ளே போனால்தான் அழுத்தம் சமனாகி, நீர் வடிய வழி பிறக்கும்.

பழக்குவதற்கு ஓர் எளிய வழி உண்டு. மேசைமேல் ஒரு பஞ்சுத் துணுக்கை வைத்து, வாயை மூடி, ஒரு மூக்குத்துளையை விரலால் அடைத்துக்கொண்டு மற்றதால் ஊதித் தள்ளச் சொல்லுங்கள். பஞ்சு நகர்ந்த பிறகே கருவியைக் கொடுங்கள். புதிய பலூன் விறைப்பாக இருக்கும் என்பதால் அதைக் கையால் நன்றாக இழுத்துத் தளர்த்துங்கள். முனையை ஓரத்தில் காற்றுக் கசியாதபடி மூக்குத்துளையில் அழுத்திப் பிடித்து, பலூன் பெரிய சாத்துக்குடி அளவு ஆகும்வரை அவள் ஊத வேண்டும். பிறகு அடுத்த துளை. இப்படி நாளுக்கு மூன்று வேளை. துவண்டுபோன பலூனில் அழுத்தம் ஏறாது என்பதால் அதை மாற்றிவிடுங்கள்.

சளி பிடித்த நாள்களில் மட்டும் நிறுத்திவிடுங்கள். சளி பிடித்தால்தான் காது மேலும் அடைக்கிறது, அப்போதுதானே கூடுதலாக ஊத வேண்டும் என்று பல தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். மூக்கில் மஞ்சள் சளி நிறைந்திருக்கும்போது ஊதினால் அந்தச் சளியே காதுக்குள் தள்ளப்படக்கூடும். எனவே மூக்கு தெளியும்வரை, ஒரு வாரம் ஆனாலும், காத்திருங்கள். காதுவலியோ காய்ச்சலோ இருந்தாலும் அப்படியே.

மூன்று வாரம் போதாது. பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையிலான 320 பிள்ளைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில், ஊதிய பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குறைந்தது ஒரு காதாவது சீரானது. ஊதாதவர்களிலும் நூற்றுக்கு 38 பேருக்குத் தானாகவே சீரானது. "இலவசச் செவிப் பரிசோதனை" என்று அழைத்து, நீர் வடிந்தால் திரும்பிவிடக்கூடிய செவித்திறனுக்குப் பல ஆயிரம் ரூபாய்க் கருவியைத் தலையில் கட்டும் தரகர்கள் இதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். காதில் மெழுகுத்திரி கொளுத்தி நீரை உறிஞ்சுவதாகச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள்; நீர் மூடிய செவிப்பறைக்கு அப்பால் இருக்கிறது, எந்தத் திரியும் அங்கே எட்டாது. காய்ச்சிய எண்ணெயும் அப்படித்தான். பிறந்தநாள் பலூனில் குழாய் செருகி மலிவாக விற்பதையும் வாங்காதீர்கள், அதன் அழுத்தம் அளவிடப்பட்டதன்று.

இப்படி ஊதப் பழக்கிக் காட்ட ஒரு மருத்துவருக்குப் பத்து நிமிடம் போதும். அதைச் செலவிடாமல் சீட்டை மட்டும் நீட்டி அனுப்பும் வழக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை போகும்போது கருவியையும் எடுத்துச் சென்று, மருத்துவர் முன்னாலேயே மகளை ஊதச் சொல்லுங்கள். சரியாக ஊதியும் மூன்று மாதத்தில் நீர் வடியாவிட்டால், செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று காற்றழுத்தத்தால் அளக்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையைச் செய்து, செவிப்பறையில் சிறு குழாய் வைப்பதா என்று அப்போது முடிவு செய்யலாம்.