முட்டி ஜவ்வு கிழிந்ததா? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கபடியில் முட்டி திருகிக்கொண்டது. ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தேன். காலையில் பார்த்தால் வீக்கம். ஜவ்வா?

இருக்கலாம். ஆனால் எந்த ஜவ்வு? எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் லிகமென்ட்டும் நம் ஊரில் ஜவ்வுதான், இடையில் மெத்தையாகக் கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வுதான். பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பம். மெனிஸ்கஸ் முட்டிக்கு இரண்டு. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பிறை வடிவில் இருக்கும்.

வீக்கம் வந்த நேரத்தைக் கவனியுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கினால் முதலில் முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்ற லிகமென்ட்டைத்தான் சந்தேகப்படுவேன். உங்களைப் போல ஆடி முடித்து, தூங்கி எழுந்தபின் வீங்குவது பெரும்பாலும் மெனிஸ்கஸ். முட்டியின் பக்கவாட்டில் இரண்டு எலும்பும் சேரும் கோட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் சுள்ளென்று வலித்தால், குந்தி உட்காரும்போதும் அங்கேயே வலித்தால், சந்தேகம் வலுக்கிறது.

எழுந்திருக்கும்போது 'கடக் கடக்' சத்தம். வலி இல்லை.

வீக்கமும் இல்லையே? அப்படியானால் விட்டுவிடுங்கள்.

மகனுக்கு விளையாட்டில் முட்டி மடங்கியபடியே மாட்டிக்கொண்டது. நீவிவிடுபவரிடம் இழுத்து நிமிர்த்தலாமா?

வேண்டவே வேண்டாம்! கிழிந்த துண்டு வாளிக் கைப்பிடி போலப் புரண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். இழுத்தால் கிழிசல் பெரிதாகும். வலிக்குப் பயந்து நீட்டாமல் இருப்பது வேறு. ஏதோ முட்டுக்கொடுத்தது போல ஓர் அளவுக்கு மேல் போகவே மாட்டேன் என்பதுதான் 'லாக்'. நாள் தள்ளாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த ஓட்டமுள்ள வெளி விளிம்பில் கிழிந்திருந்தால் தைக்க முடியும். தாமதித்தால் அந்த வாய்ப்பு குறையும்.

எக்ஸ்ரே நார்மல். அப்புறம் ஏன் வலி?

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். மெனிஸ்கஸுக்கு எம்ஆர்ஐ வேண்டும், அதுவும் கையால் பரிசோதித்த பிறகு.

அம்மாவுக்கு 58 வயது. எம்ஆர்ஐயில் கிழிசல் என்று வந்திருக்கிறது. ஆபரேஷன்தானா?

அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 50 வயதைத் தொட்டவர்களிடமும் தாண்டியவர்களிடமும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இல்லை. தலை நரைப்பது போல இதுவும் வயதோடு வருவது. அம்மாவுக்கு முட்டி லாக் ஆகிறதா? இல்லையென்றால் தொடைத் தசைக்கான பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள். கத்தியைப் பற்றி அப்புறம் பேசலாம்.