ஒரே ஒரு ஃப்ளை போதும்: வூலி பக்கரை வீட்டிலேயே கட்டுவது எப்படி?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நியூசிலாந்தில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது 5-ஆம் எண் ஃப்ளை ராடும் ரீலும் கொடுத்துவிட்டுப் போனார். மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். டிரவுட் மீன் பிடிக்க ஆசை. ஆன்லைனில் வாங்கிய டப்பாவில் 50 ஃப்ளை இருக்கின்றன, எதை எப்போது போடுவது என்று தெரியவில்லை. வீட்டிலேயே கட்டக்கூடிய ஒரே ஒரு ஃப்ளை சொல்லுங்கள். ஊட்டிக்குப் போகும் முன் அதை இங்கேயே போட்டுப் பார்க்க முடியுமா?"

முடியும். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்கிற போலி இரை. அதில் நீங்கள் கட்ட வேண்டிய வகை வூலி பக்கர். அந்த டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள். 50 வகையை மாற்றி மாற்றிப் போடுகிறவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. மீன் ஏன் கடிக்கவில்லை என்ற கேள்விக்கு "ஃப்ளை சரியில்லை" என்ற சுலபமான பதில் எப்போதும் கைவசம் இருக்கும். ஒன்றையே போட்டால்தான் ஆழம், வேகம், நேரம், இடம் ஆகியவற்றின் மேல் கவனம் போகும். மீன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த நான்கில்தான் இருக்கிறது.

வூலி பக்கரை 1967-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் என்பவர் கட்டினார். அவர் குறிவைத்தது டிரவுட்டை அல்ல, பாஸ் மீனை. ஆனால் டிரவுட்டும் அதை விடவில்லை. காரணம் எளிது. இந்த ஃப்ளை எந்த ஒரு பூச்சியையும் அச்சாகக் காட்டுவதில்லை. தண்ணீரில் அது தட்டான் பூச்சியின் இளம்பருவமாகவும் தெரியும், அட்டையாகவும் தெரியும், தலைப்பிரட்டையாகவும் சின்ன மீனாகவும் தெரியும். மீனை ஏமாற்றுவது அதன் உருவமல்ல, அசைவு. கட்டும்போது செய்கிற ஒவ்வொன்றும் அந்த அசைவைக் காப்பாற்றத்தான்.

சாமான்கள் எல்லாம் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். சேவல் இறகுக்கு நாட்டுக்கோழிக் கடைக்குப் போங்கள். பிராய்லர் கடையில் தேடாதீர்கள், ஆறு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும் கோழிக்கு இறகு முதிர்ந்திருக்காது. ஆடி மாதத்திலும் முனியப்பன் கோயில் பொங்கலின்போதும் வளர்ந்த சேவல் நிறைய வெட்டப்படும், அப்போது சொல்லி வைத்தால் ஒரு பை நிறைய வாங்கிக்கொள்ளலாம். கழுத்து இறகு விறைப்பாக இருக்கும். நமக்கு வேண்டியது முதுகின் பின்பக்கம், வால் தொடங்குவதற்கு முன்னால் தொங்கும் நீளமான, மெத்தென்ற இறகு. அதே சேவலின் தொடையிலும் அடிவயிற்றிலும் பஞ்சு போன்ற இறகு இருக்கும், அது வாலுக்கு. வான்கோழியின் பஞ்சு இறகு கிடைத்தால் இன்னும் நல்லது. சோப்புத்தூளில் அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டை போட்ட டப்பாவில் வையுங்கள். கவுதாரி, காட்டுக்கோழி இறகு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள், அந்தப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம்.

மோட்டார் வைண்டிங் கடையில் 36 கேஜ் செம்புக் கம்பி கொஞ்சம் கேளுங்கள். உடலுக்கு ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் உல்லன் நூல் போதும். அதைப் பிரித்து ஓர் இழை மட்டும் எடுங்கள், முழு நூல் தடித்துவிடும். கட்டுவதற்குச் சாதாரணத் தையல் நூல் வேண்டாம், மெஷின் எம்பிராய்டரி நூல் மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும். எடைக்கு ரேடியோ கடையில் கிடைக்கும் மெல்லிய சால்டரிங் கம்பி. அதில் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். தூண்டில் முள் 8 அல்லது 10-ஆம் எண், நீளத் தண்டு உள்ளது. கூர்முனைக்குக் கீழே எதிர்ப்பக்கம் நிற்கும் சின்னப் பல்லைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள். மீனை விடுவதும் சுலபம், உங்கள் விரலில் ஏறினால் எடுப்பதும் சுலபம்.

முள்ளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவியில்) பிடித்து, தண்டின் நடுப்பகுதியில் சால்டரிங் கம்பியை எட்டுச் சுற்று சுற்றுங்கள். முள்ளின் கண்ணுக்கு, அதாவது நரம்பு கோக்கும் வளையத்துக்கு, பின்னால் நல்ல இடைவெளி விட வேண்டும். ஆரம்பத்தில் கட்டுகிற எல்லோருக்கும் வருகிற சிக்கல் இதுதான்: கடைசியில் தலை முடிய இடமே இருக்காது, நூல் கண்ணை அடைத்துக்கொள்ளும். அதனால் கண்ணின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தைக் கடைசிவரை தொடாமல் வையுங்கள். ஈயத்தின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி அது நகராமல் இறுக்கி, வளைவு தொடங்கும் இடம்வரை நூலைக் கொண்டுபோங்கள்.

அங்கே வால். பஞ்சு இறகை முதலில் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்திருக்கும்போது பொதபொதவென்று அதிகமாகத் தெரியும், நனைந்தால்தான் உண்மையான அளவு புலப்படும். வாலின் நீளம் முள்தண்டின் நீளம் அளவு. அதற்கு மேல் போனால் மீன் வாலை மட்டும் கவ்விவிட்டுப் போகும், குறைந்தால் அசைவு செத்துவிடும். நுனியைக் கத்தரியால் நேராக வெட்டாதீர்கள், நீளம் கூடினால் விரலால் கிள்ளி எடுங்கள். வாலின் அடிப்பகுதியை ஈயம் இருக்கும் இடம்வரை தண்டோடு சேர்த்துக் கட்டினால் உடல் மேடு பள்ளமில்லாமல் வரும்.

வால் கட்டிய இடத்திலேயே செம்புக் கம்பியின் ஒரு முனையையும் உல்லன் இழையின் ஒரு முனையையும் கட்டுங்கள். கட்டும் நூலை முன்னுக்குக் கொண்டுவந்து, உல்லனை நெருக்கமாகச் சுற்றி முன்னால் முடித்து, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். கம்பி பின்னால் அப்படியே தொங்கட்டும்.

இனி சேவல் இறகு. பலர் இறகின் நுனியைப் பின்னால் கட்டி முன்னோக்கிச் சுற்றுவார்கள். நான் அதை விரும்புவதில்லை. மீனின் பல் பட்டு இறகுத்தண்டு ஓரிடத்தில் அறுந்தால் முழுதும் அவிழ்ந்துவிடும். இறகின் அடித்தண்டை முன்னால், கண்ணுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். குழிந்த பக்கம் வாலைப் பார்த்திருக்கட்டும். பின்னோக்கி ஐந்தாறு சுற்று, இடைவெளி விட்டுச் சுற்றிக்கொண்டு போங்கள். வால் அருகே வந்ததும், தொங்கும் செம்புக் கம்பியை இறகு நுனியின் மேல் ஒரு சுற்று போட்டுப் பிடித்து, இறகு போனதற்கு எதிர்த் திசையில் அதன் ஊடாகவே முன்னோக்கிச் சுற்றுங்கள். சுற்றும்போது கம்பியை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினால் இறகின் இழைகள் அமுங்காது. இப்போது இறகுத்தண்டைக் கம்பி பல இடங்களில் பூட்டியிருக்கிறது. மீன் கடித்தாலும் ஃப்ளை பிரியாது. இறகு இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தை, அதாவது தண்டுக்கும் கூர்முனைக்கும் உள்ள இடைவெளியை, போல ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. இறகு அடர்த்தியாக இருந்தால் ஃப்ளை பாட்டில் கழுவும் பிரஷ் போல விறைத்துக்கொண்டு, மூழ்கவும் மூழ்காது, அசையவும் அசையாது. குறைவாகத்தான் கட்ட வேண்டும்.

கம்பியை முன்னால் கட்டி, முறுக்கி உடைத்துவிட்டு, நூலால் சின்னத் தலை சுற்றி நான்கு முடிச்சு போட்டு, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். கறுப்பில் சில, பாசிப்பச்சையில் சில கட்டினால் போதும். கலங்கிய தண்ணீருக்கும் மங்கலான நேரத்துக்கும் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்குப் பச்சை.

உங்கள் பக்கம் டிரவுட் கிடையாது. ரெயின்போ டிரவுட்டுக்குப் பத்திலிருந்து பதினெட்டு டிகிரி வரையுள்ள குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நீலகிரியிலேயே அதை நிலைநிறுத்தப் பெரும்பாடு பட்டார்கள். 1863-ல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே முயன்று முடியாமல் போய், மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில்தான், 1907-ல் ஊட்டி அருகே அவலாஞ்சியில் மீன்முட்டைப் பொரிப்பகம் அமைந்தது. ஆனால் பழகுவதற்கு உங்களுக்கு ஜிலேபி இருக்கிறது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த இந்த மீன் இன்று எந்த ஏரியிலும் உண்டு. பாசி தின்கிற மீன்தான், ஆனாலும் கரையோர ஆழமில்லாத இடத்தில் மண்ணில் தட்டுப் போலக் குழி தோண்டிக் காவல் காக்கும் ஆண் மீன், தன் எல்லைக்குள் வரும் எதையும் விரட்டிக் கடிக்கும். 10-ஆம் எண்ணில் கட்டிய கறுப்பு பக்கரை அந்தக் குழி ஓரமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். விராலும் எடுக்கும். ஆனால் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் தாயும் தகப்பனும் அடியில் இருக்கின்றன என்று பொருள், அங்கே போடாமல் நகர்ந்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி அணையிலும் பெரிய ஏரிகளிலும் மீன்பிடி உரிமை வேறொருவர் கையில் இருக்கும், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். நுரை மிதக்கும் நாளில் தென்பெண்ணைத் தண்ணீரில் கைவைக்க வேண்டாம், அந்த மீனைச் சாப்பிடவும் வேண்டாம். ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியை இதற்காக நினைக்காதீர்கள். அங்குள்ள காடுகள் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்களாகிவிட்டன. அந்த ஆற்றின் திமில் மஷீர் அழிவின் விளிம்பில் நிற்கிற மீன். அதை நிம்மதியாக இருக்க விடுவதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடியது.

எடை கட்டிய ஃப்ளையை வீசுவது சாதாரண ஃப்ளையைப் போல் இருக்காது. பின்னால் போன நரம்பு முழுதாக நீளும்வரை காத்திருந்து முன்னால் தள்ளுங்கள், அவசரப்பட்டால் ஈயம் பின்மண்டையில் அடிக்கும். கண்ணாடியும் தொப்பியும் போடாமல் வீசவே கூடாது. முதல் சில நாள் முள்ளுக்குப் பதில் உல்லன் துண்டைக் கட்டி ஏதாவது மைதானத்தில் பழகுங்கள். தடித்த ஃப்ளை நரம்பின் முனையில் ஒன்பதடி லீடர் (நுனி நோக்கி மெலிந்துபோகும் இணைப்பு நரம்பு), அதன் நுனியில் 0.20 மில்லிமீட்டர் நரம்பு. ஃப்ளையை இறுக்கி முடியாமல், சின்ன வளையம் நிற்கும் முடிச்சாகப் போடுங்கள், அப்போதுதான் அது தலையை ஆட்டும்.

இழுக்கும் முறையைத் தட்டான் குஞ்சிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். அது நீந்துவதில்லை. உடலின் பின்புறம் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி, வெட்டி வெட்டி முன்னேறும், பிறகு நிற்கும். ஃப்ளை விழுந்ததும் மனதுக்குள் பத்து வரை எண்ணி மூழ்கவிடுங்கள். ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, இடது கையால் நரம்பை விரல் நீளத்துக்கு இரண்டு வெட்டு இழுத்து, நிறுத்துங்கள். நிறுத்தும்போது வால் விரிந்து மூச்சுவிடும், பெரும்பாலான கடி அந்த நேரத்தில்தான் வரும். கடி வரவில்லையென்றால் அடுத்த வீச்சில் பதினைந்து எண்ணுங்கள், அடுத்து இருபது. ஆழம் கிடைத்த பிறகு அந்த எண்ணிக்கையை மாற்றாதீர்கள். கடித்ததும் ராடைத் தூக்காமல் இடது கையாலேயே நீளமாக ஓர் இழுப்பு இழுங்கள். தவறினாலும் ஃப்ளை மீனின் முன்னாலேயே இருக்கும், திரும்பி வந்து கடிக்க வாய்ப்பு உண்டு.

மே மாதம் ஊட்டியில் கூட்டம், அணைகளிலும் தண்ணீர் இறங்கியிருக்கும். விடியற்காலையில் ஓடை வந்து அணையில் சேரும் இடத்தைத் தேடுங்கள், குளிர்ந்த ஓடைநீர் உள்ளே வருகிற அந்தப் பகுதியில்தான் டிரவுட் நிற்கும். ஓடையிலேயே போடுவதானால் ஓட்டத்துக்குக் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசி, நரம்பை இழுக்காமல், ஓட்டமே ஃப்ளையை வளைத்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவர விடுங்கள். அவலாஞ்சி, மேல் பவானி பகுதிகளுக்கு வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு, முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்கவே கூடாது. கிளம்பும் முன் உதகமண்டலம் மீன்வளத்துறை அலுவலகத்தில் எந்த நீர்நிலைக்கு அனுமதி கிடைக்கிறது, என்ன கட்டணம், எத்தனை மீன் எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு, பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள்.

விடப்போகிற டிரவுட்டைக் காய்ந்த கையால் தொடாதீர்கள், மேல்வழுவழுப்பு போய்விட்டால் அதற்கு நோய் பிடிக்கும். கையை நனைத்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து, குறட்டால் முள்ளைக் கழற்றி, ஓட்டத்தைப் பார்த்தபடி தாங்கிப் பிடியுங்கள், தானாக உதறிக்கொண்டு போகும். அன்று பயன்படுத்திய ஃப்ளைகளை ஈரத்தோடு டப்பாவில் மூடாமல் ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி ராத்திரி முழுதும் காயவிடுங்கள். இல்லாவிட்டால் முள் துருப்பிடித்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.