ஜோ பரோவின் கல்லூரி ஆண்டுகள்: கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ பரோ கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய காலத்தைப் பற்றி அன்பர்கள் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன். இங்கே கால்பந்து என்று நான் குறிப்பிடுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டத்தை.

கேள்வி: ஐயா, திறமையான ஒருவர் ஏன் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது? அணியில் வேறு இடம் தந்திருக்கக் கூடாதா?

பதில்: கிரிக்கெட்டில் இரண்டு நல்ல விக்கெட் கீப்பர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கேயாவது இரண்டாமவரை மட்டையாளராகச் சேர்த்துக்கொள்ளலாம்; குவார்ட்டர்பேக்குக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிகளில் முடிவெடுக்கும் அந்த இடம் ஒருவருக்கே உரியது. காயமோ தோல்வியோ வந்தாலொழியப் பயிற்சியாளர்கள் அவரை மாற்ற மாட்டார்கள்.

பரோ 2015இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அந்த அணி முந்தைய பருவத்தின் தேசிய சாம்பியன். அவருக்கு முன்னே ஜே.டி. பாரெட் போன்றவர்கள் வரிசையில் நின்றார்கள். 2016, 2017 ஆகிய இரு பருவங்களிலும் சேர்த்து அவர் எறிந்தது வெறும் 39 பந்துகள். அவையும் பெரும்பாலும் வெற்றி உறுதியான பின் கடைசி நிமிடங்களில் எறிந்தவை. 2017 பருவம் தொடங்குமுன் கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் என்ற இளையவர் மாற்று வீரர் இடத்தைப் பிடித்து, மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் பாரெட் காயமடைந்ததும் களமிறங்கி அணியைக் கரைசேர்த்தார். அதற்குப் பிறகு பரோவுக்கு அங்கே வழி அடைபட்டுவிட்டது என்றே சொல்லலாம்.

கேள்வி: அப்படியானால் ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியாளர்கள் தவறு செய்துவிட்டார்கள் அல்லவா?

பதில்: இல்லை. ஹாஸ்கின்ஸ் 2018இல் 50 டச் டவுன் பாஸ்களை (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றுத் தரும் எறிதல்களை) எறிந்து, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். அந்தத் தேர்வை எப்படித் தவறென்பது?

கேள்வி: பட்டம் பெற்றுவிட்டவர் எப்படி இன்னொரு கல்லூரிக்கு இரண்டு ஆண்டுகள் ஆட முடிந்தது? விதி புரியவில்லை.

பதில்: பரோவின் காலத்தில் கல்லூரி வீரருக்கு நான்கு பருவங்கள் ஆடும் உரிமை இருந்தது, அந்த நான்கையும் ஐந்து ஆண்டுகளுக்குள் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓராண்டு பயிற்சி மட்டும் எடுத்து ஆட்டங்களில் இறங்காமல் இருந்தால் அந்த ஆண்டு கணக்கில் சேராது. இதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். பரோவின் முதல் ஆண்டு அப்படிக் கழிந்தது. ஆகவே 2017 முடிந்தபோது இரு பருவங்களே செலவாகி, இரண்டு மிச்சமிருந்தன.

அக்காலத்தில் படிப்பை முடிக்காமல் கல்லூரி மாறுகிறவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். பட்டம் பெற்றவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. புதிய இடத்தில் மேற்படிப்பில் சேர்ந்து உடனே ஆடலாம். பரோ மூன்றே ஆண்டுகளில் பட்டத்தை முடித்திருந்ததால் 2018 மே மாதத்தில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்.எஸ்.யு.வுக்கு, மாறி அந்தப் பருவமே களமிறங்க முடிந்தது. அவர் கதையில் எல்லாரும் எறிதலைப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ காலத்தோடு பாடங்களை முடித்ததுதான் அவர் எடுத்த மிகச் சமர்த்தான முடிவாகப் படுகிறது.

கேள்வி: 2018இல் சாதாரணமாக ஆடியவர் 2019இல் எப்படி அவ்வளவு உயர்ந்தார்? எண்களைப் பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள் போலத் தோன்றுகிறது.

பதில்: எண்கள் அப்படித்தான் இருக்கின்றன. 2018இல் 16 டச் டவுன் பாஸ்கள், எறிந்ததில் 57.8 விழுக்காடு சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது. 2019இல் 60 டச் டவுன்கள், 5,671 கெஜம், 76.3 விழுக்காடு, எதிரணி பறித்த பந்துகள் ஆறு மட்டுமே. காரணம் ஒன்றல்ல, ஆனால் ஆட்டமுறையின் மாற்றத்தை முதலில் வைக்கிறேன்.

எல்.எஸ்.யு. பல ஆண்டுகளாகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பியிருந்த அணி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் பணியாற்றிய ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளரைத் தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரான் 2019இல் அழைத்து வந்தார். அவரும் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் சேர்ந்து தாக்குதல் முறையைத் திருத்தினார்கள். வழக்கமாகக் குவார்ட்டர்பேக்கைக் காக்க ஐந்து லைன்மேன்களோடு இன்னும் ஓரிருவரை நிறுத்துவார்கள். புதிய முறையில் காவலுக்கு அந்த ஐவர் மட்டுமே நிற்க, மற்ற ஐவரும் பந்தைப் பிடிக்க ஓடிவிடுவது அடிக்கடி நடந்தது. எதிரணி தன் ஆட்களைக் களத்தின் அகலம் முழுவதும் பரப்பியே ஆக வேண்டும். அப்படிப் பரப்பினால் யார் யாரைக் காவல் செய்கிறார்கள் என்பது பந்து நகரும் முன்பே வெளிப்பட்டுவிடும். ஆனால், ஆறாவது ஆள் ஒருவர் பாய்ந்து வந்தால் அவரைத் தடுக்க எவரும் இல்லை. அவர் வந்து சேர்வதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இந்த முறை எல்லாருக்கும் ஒத்துவராது. பரோவின் தந்தை ஜிம் பரோ ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்தவர். தற்காப்பு எப்படிச் சிந்திக்கும் என்பதைச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எதிரே நிற்பவர்களின் நிலையைப் பார்த்து உள்நோக்கத்தைப் படிக்கும் பழக்கம் இளமையிலேயே வந்திருக்கும் என்று கருதுகிறேன். அந்தத் தந்தை மகனின் கடைசிப் பருவத்தை நேரில் பார்ப்பதற்காகவே 2019இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

கேள்வி: அந்தப் புதிய முறையை ஒரே ஒரு தருணத்தில் காட்ட முடியுமா?

பதில்: 2019 செப்டம்பர் 7, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் களம். எல்.எஸ்.யு. 37-31 என்று முன்னிலை. இன்னும் இரண்டரை நிமிடம் போல மிச்சம். மூன்றாவது டவுன், அதாவது முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது; கடக்க வேண்டியது 17 கெஜம். பழைய எல்.எஸ்.யு. அந்த இடத்தில் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்துக் கடிகாரத்தைக் கரைத்து, அடுத்த டவுனில் உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்திருக்கும். பரோ எறியவே பின்வாங்கினார். டெக்சஸ் ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். அவர் பின்னோக்கி ஓடாமல் முன்னே ஓரடி ஏறி ஜஸ்டின் ஜெஃபர்சனிடம் பந்தைச் சேர்த்தார். 61 கெஜத்துக்கு டச் டவுன். ஆட்டம் 45-38 என முடிந்தது.

அன்று டெக்சஸின் தலைமைப் பயிற்சியாளர் டாம் ஹெர்மன். ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பரோவைத் தேர்ந்து அழைத்தவரே அவர்தான்.

கேள்வி: ஜமார் சேஸ், ஜெஃபர்சன் போன்றவர்கள் பந்தைப் பிடிக்க இருந்தால் யார் எறிந்தாலும் சாதனைதான். பரோவை மிகையாகப் புகழ்கிறீர்கள் என்று சொன்னால் கோபிப்பீர்களா?

பதில்: கோபமில்லை, பாதி உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது. அந்தப் பருவத்தில் சேஸ் 1,780 கெஜமும் ஜெஃபர்சன் 1,540 கெஜமும் பிடித்தார்கள். ஓட்டக்காரர் கிளைட் எட்வர்ட்ஸ் ஹெலேர் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடியதோடு 55 பாஸ்களையும் பிடித்தார். இப்படிப்பட்ட துணை கிடைப்பது அரிது. ஆயினும் நல்ல ஆட்கள் பலர் இருக்கும்போது பந்தைத் தவறான ஆளுக்கு அனுப்பும் வாய்ப்பும் கூடுகிறது. 527 எறிதல்களில் ஆறு மட்டுமே பறிபோனதைத் துணைவர்களின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

கேள்வி: அவருக்குக் கல்லூரியில் எவ்வளவு சம்பளம்?

பதில்: அன்று சம்பளமே கிடையாது. கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, சிறிது செலவுத்தொகை, அவ்வளவுதான். வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறும் உரிமை 2021 ஜூலையில்தான் வந்தது. கடைசி உள்ளூர் ஆட்டத்தின் அறிமுகத்தின்போது, லூசியானாவின் பிரெஞ்சு வழிப் பெயர்களைப் போலத் தன் பெயரின் ஈற்றெழுத்துகளை மாற்றிப் பொறித்த சட்டையை அணிந்து அவர் வந்தார், ஒலிப்பு அதேதான். அரங்கம் அதிர்ந்தது. இன்றாக இருந்தால் அந்தச் சட்டை ஒன்றே ஒரு செல்வத்தை ஈட்டித் தந்திருக்கும்.

கேள்வி: ஹைஸ்மன் விருது ஏற்புரை ஏன் இன்றும் பேசப்படுகிறது?

பதில்: ஹைஸ்மன் என்பது ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கு 1935 முதல் வழங்கப்படும் கோப்பை. பரோ இரண்டாமிடத்தவரான ஜேலன் ஹர்ட்ஸை 1,846 புள்ளிகளில் முந்தினார்; அதுவரை எவரும் அவ்வளவு பெரிய வேறுபாட்டில் வென்றதில்லை. ஏற்புரையில் அவர் தன் ஊர்ப்பக்கமான தென்கிழக்கு ஒஹாயோவின் ஏதென்ஸ் கவுன்டியை நினைவுகூர்ந்து, பள்ளி முடிந்து வீடு திரும்பும்போது உண்ண உணவில்லாத பிள்ளைகள் அங்கே இருப்பதைக் கண்கலங்கியபடி சொன்னார். அவ்வூர்க்காரர் ஒருவர் உணவு வங்கிக்காக ஆயிரம் டாலர் இலக்கு வைத்துத் தொடங்கிய நிதி, சில நாட்களிலேயே லட்சக்கணக்கான டாலர்களைக் கடந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே ஹர்ட்ஸின் ஓக்லஹோமா அணியோடு அரையிறுதி. முதல் பாதியிலேயே ஏழு டச் டவுன் பாஸ்கள், 63-28. அந்தப் பாதியைப் பற்றி விளக்க எதுவுமில்லை, பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: இறுதி ஆட்டம்?

பதில்: 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ். 29 ஆட்டங்களாகத் தோல்வி காணாத கிளெம்சன் 17-7 என முந்தியது, இடைவேளைக்குள் எல்.எஸ்.யு. 28-17 ஆக்கிவிட்டது. முடிவு 42-25. பரோ 463 கெஜம் எறிந்தார். எறிந்து ஐந்து, ஓடி ஒன்று என ஆறு டச் டவுன்கள். பருவம் 15-0, அதாவது 15 ஆட்டங்களிலும் வெற்றி. ஏப்ரலில், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. அவருடைய 60 டச் டவுன் சாதனையை 2021இல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 62 எறிந்து முறியடித்தார்.

கேள்வி: புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறேன். எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்: எல்லாரும் இறுதி ஆட்டத்தைச் சொல்வார்கள். நான் 2018 பருவத்தின் முடிவில், 2019 ஜனவரி 1 அன்று நடந்த ஃபியஸ்டா போல் ஆட்டத்தைச் சொல்வேன். எதிரணி 25 ஆட்டங்களாகத் தோற்காத சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம், அதாவது யு.சி.எஃப். முதல் கால்பகுதியில் பரோ எறிந்த பந்தை ஒருவர் பறித்து 93 கெஜம் ஓடி டச் டவுன் ஆக்குகிறார். அவரைத் துரத்தப் போன பரோவை யு.சி.எஃப். ஆள் ஒருவர் மோதிச் சாய்க்க, சற்று நேரம் அவர் தரையிலேயே கிடக்கிறார். புள்ளிப்பலகையில் 14-3. பிறகு எழுந்து, அந்த ஆட்டத்தில் 394 கெஜமும் நான்கு டச் டவுன்களும் எறிகிறார், எல்.எஸ்.யு. 40-32 என வெல்கிறது. அப்போது ஜோ பிரேடி வந்திருக்கவில்லை, புதிய முறையும் வந்திருக்கவில்லை.