கன்று நொண்டுகிறதா? தொப்புளைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் இடம் விசுவமடு. 12 நாள் நாம்பன் கன்று ஒன்று முன்னங்காலை ஊன்றாமல் நொண்டுகிறது. முழங்கால் தோடம்பழம் அளவுக்கு வீங்கிச் சுடுகிறது. பட்டியில் மாடு மிதித்திருக்கும் என்று 2 நாளாக நல்லெண்ணெய் பூசி உருவினோம். வீக்கம் வற்றவில்லை, பாலும் சரியாகக் குடிப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உருவுவதை இன்றோடு நிறுத்துங்கள். மாடு மிதித்தும் வீங்கலாம்தான். ஆனால் இந்த வயதுக் கன்று, முழங்கால் சுட்டு, பாலையும் ஒதுக்கினால் நான் முதலில் பார்ப்பது தொப்புளை.

கன்றைச் சரித்துப் படுக்கவைத்து, தொப்புளை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். 12 நாளில் அது காய்ந்து ஒடுங்கியிருக்க வேண்டும். பெருவிரல் மொத்தத்தில் தடித்து ஈரமாக இருக்கிறதா? அமத்தும்போது கன்று உதைக்கிறதா? விரலை மணந்து பாருங்கள், நாற்றம் இருந்தால் வியாதி தொடங்கிய இடம் அதுதான். ஈரத் தொப்புள் கொடி வழியாக ஏறிய கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டில் போய்த் தங்கிவிடுகிறது. மற்ற முழங்காலையும் பின்னங்கால் மூட்டுகளையும் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூட்டோடு நிற்காது. தொப்புள் வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே சீழ் இருக்கக்கூடும், ஆகவே அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

குதிரைக் குட்டிக்கும் இதே வருத்தம் வரும். பிறந்து சில கிழமைக்குள் குட்டி நொண்டினால், வேறு காரணம் தெரியும்வரை மூட்டில் கிருமி என்றே எடுத்து வைத்தியம் தொடங்குவார்கள். கன்றுக்கும் அந்த அவசரம் வேண்டும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு அரிபட்டால் திரும்ப வளராது.

இன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் பார்க்க முடிந்தால் பார்த்துச் சொல்லுங்கள், 39.5 பாகைக்கு மேல் போனால் காய்ச்சல்தான். கிருமி கொல்லி ஊசியும் நோவு மருந்தும் தருவார், தேவையென்றால் மூட்டைக் கழுவியும் விடுவார். ஊசி ஒரு கிழமைக்குக் குறையாமல் போகக்கூடும். மூன்றாம் நாள் கன்று துள்ளத் தொடங்கியதும் நிறுத்துகிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். நிறுத்தினால் வீக்கம் திரும்பி வரும். பிளேட்டால் கீறிச் சீழ் எடுக்க மட்டும் போகாதீர்கள், மூட்டு திறந்துவிட்டால் கதை வேறு. கன்றைக் காய்ந்த வைக்கோலில் தனியே விட்டு, எழும்ப முடியாவிட்டால் பாலைக் கறந்து போத்தலில் கொடுங்கள்.

சரி, அடுத்த கன்றுக்கு? மாரியில் நம் பட்டிகள் முழங்கால் சேறு. சினைப்பசுவைக் கன்று போடுமுன் மேட்டில், காய்ந்த இடத்தில் பிரித்துக் கட்டுங்கள். கன்று விழுந்தவுடன் வாயகன்ற சிறு போத்தலில் 7 வீத அயடீன் எடுத்து, கொடி முழுதும் அதில் முங்கும்படி பிடியுங்கள். காயும்வரை 2, 3 நாள் அப்படியே செய்யுங்கள். சாம்பல், சாணம் வேண்டாம்.

அதைவிடப் பெரிய காவல் கடும்பு, அதாவது கன்று போட்டதும் பசு தரும் முதல் பால். நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்கு அதிலிருந்துதான் வருகிறது, நேரம் போகப் போக அதை உறிஞ்சும் திறன் குடலில் குறைந்துவிடும். 20 கிலோக் கன்று என்றால் முதல் 6 மணித்தியாலத்துக்குள் 2 லீற்றர் உள்ளே போக வேண்டும். சர்க்கரை போட்டுக் காய்ச்சிய கடும்பில் எனக்கும் ஆசை உண்டு. கன்று குடித்து மிஞ்சியதைக் காய்ச்சுங்கள்.