பில்லில் இருக்கும் ஒரே ஒரு சொல்

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு பழம்பொருள் கடையில், 150 வருடப் பழமையான பால்டிக் அம்பர் (கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசின்) மாலை என்று சொல்லி 90,000 ரூபாய் வாங்கினார்கள். மகளுக்காகச் சேர்த்த பணம். வீட்டில் சூடான ஊசியால் குத்திப் பார்த்தோம். பினாயில் நெடி அடித்தது. போய்க் கேட்டால், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தி அனுப்பிவிட்டார். வழக்குப் போடலாமா?

பதில்: அவமானத்தை விடுங்கள், அதை வைத்து வழக்கு நிற்காது. பில்லின் நகலைப் பார்த்தேன்: 'பழைய அம்பர் மாலை 1'. அந்த 'அம்பர்' என்ற சொல்தான் உங்கள் வழக்கு. இன்னது என்று சொல்லி விற்றால் பொருள் அதுவாகவே இருக்க வேண்டும் என்கிறது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு. 150 வருடம் என்பது வாய்ப்பேச்சு; அதைத் தனியாக நிரூபிக்க அலைய வேண்டாம். பினாயில் நெடி அடிப்பது பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கின் குணம்; அது கண்டுபிடிக்கப்பட்டதே 1907-ல்தான். சோதனையில் பேக்லைட் என்று வந்தால், வயதுக் கதை தானாக விழுந்துவிடும்.

என் கவலை அந்த ஊசிதான். இப்படி வந்த கட்சிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசியால் குத்துவார்கள், உப்புத் தண்ணீரில் மிதக்கிறதா என்று போடுவார்கள், அசிட்டோன் தடவுவார்கள், அப்புறம் நூல் அறுந்து புது நூலில் கோத்துக்கொண்டு வருவார்கள். எதிர்த் தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும்: "இது நாங்கள் விற்ற மாலையே இல்லை." உங்கள் பில்லில் எடையும் இல்லை, மணிக் கணக்கும் இல்லை. அதனால் இனி மாலையைத் தொடாதீர்கள். பழைய நூல், முடிச்சு, துளை விழுந்த மணி எல்லாவற்றையும் படம் எடுத்து, எடை போட்டு, உறையில் வைத்து மூடுங்கள். நுகர்வோர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். அங்கே அகச்சிவப்புச் சோதனையில் தெரிந்துவிடும். ஆனால் உடைந்த துண்டுகளைச் சூடாக்கி அழுத்திச் செய்த அம்பர் என்று முடிவு வந்தால், 'அதுவும் அம்பர்தானே' என்று வாதாடுவார்கள்.

இன்னொன்று. 'பின்னால் விற்றால் என்ன விலை போகும்' என்று கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள். மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்று இதையே பிடித்துக்கொள்வார்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு இருக்கிறது; வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. ஆனாலும் நோட்டீஸ் போனதும் 60,000 தருகிறேன் என்று வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு, எழுதி வாங்கிக்கொண்டு மாலையைக் கொடுங்கள்.